மின்னல் கீரியின் முகமூடி

காமிக்ஸில் மின்னல் கீரி முகமூடியைக் கழற்றவே மாட்டான். அதைப் படமாக எடுத்தபோது, நாயகன் ஜெயதேவன் முதல் காட்சியிலேயே கழற்றி எறிந்துவிட்டார். அவர் முகம் தெரிய வேண்டுமாம். நானும் காசு கொடுத்துப் பார்த்தேன், இன்னும் மன்னிக்கவில்லை.

படம் படுத்துவிட்டது. தனக்குப் பதிலாக மாடியிலிருந்து குதித்த டூப் சவரிமுத்துவின் மேல் ஜெயதேவன் பழியைப் போட்டார்.

"நீ குதிச்ச லட்சணம்தான்டா காரணம். நாளைக்குத் தியேட்டர் வாசல்ல பிள்ளைங்க கூட்டம் சேரணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"சேர்த்துடலாம்ணே. நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க."

மறுநாள் சவரிமுத்து கீரி உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பிள்ளைகள் ஓடிவந்து அவன் தோளில் ஏறினார்கள். ஒரு சிறுமி பக்கத்தில் நின்ற ஜெயதேவனிடம் செல்போனை நீட்டினாள்.

"அங்கிள், எங்களைக் கீரியோட ஒரு போட்டோ எடுங்க."

"நான்தான்மா கீரி."

"போங்க அங்கிள். கீரி மூஞ்சியைக் காட்டவே மாட்டான்."

சவரிமுத்து பணிவாகக் குனிந்தான். "கூட்டம் சேர்ந்திடுச்சுண்ணே. இப்ப முகமூடியைக் கழட்டிடட்டுமா?"

ஜெயதேவன் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேண்டாம்டா. இன்னொரு முகமூடி இருக்கா?"