‘போதும்’ என்று சொல்லாத சருகுமான்

பாறைமேட்டில் சருகுமானும் காட்டுப்பன்றியும் மட்டுமே மிச்சம். மற்ற எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

முதலில் போனது கரடி. கீழே எங்கோ தேன் வாசம் வந்தது. அவ்வளவுதான், போட்டியாவது ஒன்றாவது என்று ஓடிவிட்டது. அடுத்து மயில், “என் தோகை காய்ந்து சருகாகிறது!” என்று அழுதுகொண்டே போனது. முள்ளம்பன்றி நன்றாகத்தான் தாக்குப்பிடித்தது. ஆனால் அதற்குத் தனிமை ஒத்துக்கொள்ளவில்லை. “பேச ஆளில்லாத இடத்தில் ஜெயித்து யாரிடம் சொல்வது!” என்று அதுவும் இறங்கிவிட்டது.

இனி இறுதிச் சுற்று. மேட்டின் அடிவாரத்தில் காடே கூடியிருந்தது. கருமந்திகள் மரக்கிளைகளில் இடம்பிடித்து உட்கார்ந்து கூச்சல் போட்டன. இருவாச்சிப் பறவை மேலே பறந்து பறந்து பார்த்து, நடப்பதைக் கீழே இருப்பவர்களுக்கு உரக்கச் சொன்னது.

இந்தப் போட்டி விளையாட்டுக்காக வைத்ததல்ல. அந்தக் காட்டில் கோடை வந்தால் ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். ஆனைமடு ஒன்றில்தான் தண்ணீர் நிற்கும். கோரையன் என்ற காட்டுப்பன்றி ஒவ்வொரு கோடையிலும் தன் கூட்டத்தோடு வந்து மடுவில் இறங்கிப் புரள்வான். அவன் கரையேறும்போது தண்ணீரெல்லாம் சேறாகிவிடும். அதற்குப் பிறகுதான் சின்ன உயிர்களின் முறை.

போன கோடையில் சுள்ளி என்ற சருகுமானின் தலைப்பிள்ளை அந்தச் சேற்றில் தண்ணீர் தேடி இறங்கியது. கால் புதைந்தது. திரும்பி வரவே இல்லை.

அன்று சுள்ளி போட்ட சத்தம் யானைக்குக் கேட்டது. அந்த யானைதான் இந்த வருடம் போட்டியை அறிவித்தது.

“பாறைமேட்டில் கடைசிவரை யார் இருக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் இந்தக் கோடை முழுவதும் மடுவில் முதல் உரிமை! கடிக்கக் கூடாது. முட்டக் கூடாது. முடியாதவர்கள் வெள்ளைப்பாறையில் ஏறி நின்று ‘போதும்!’ என்று சொல்லுங்கள். நானே வந்து அழைத்துப் போகிறேன்.”

சுள்ளி பெயர் கொடுத்தபோது கருமந்திகள் சிரித்தன. முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. குச்சி போல நான்கு கால்கள். “காற்றடித்தால் நீயே கீழே வந்துவிடுவாய்!” என்றது ஒரு மந்தி. சுள்ளி நேராக மேட்டில் ஏறினாள்.

இப்போது அவளும் கோரையனும் மட்டும்.

பாறைமேட்டில் ஒரே ஒரு ஊற்று உண்டு. பாறைப் பிளவிலிருந்து கசியும் தண்ணீர், பானை அளவுக் குழி ஒன்றில் தேங்கும். இருவரும் அதில்தான் குடித்தார்கள். பக்கத்தில் ஒரு குகை. நல்ல நிழல். அதைக் கோரையன் எடுத்துக்கொண்டான். பாறை இடுக்கில் முளைத்த ஓர் அத்திமரத்தின் கீழே சுள்ளி இருந்தாள். உதிர்ந்த பழம் அவளுக்குச் சாப்பாடு.

கோரையன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ‘இந்தக் குச்சிக்காலியா என்னோடு கடைசிவரை வருவது! இவளை எப்படியாவது சீக்கிரம் இறக்க வேண்டும்’ என்று யோசித்தான். முட்டக் கூடாது. கடிக்கக் கூடாது. ஆனால் ஊற்றைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

மறுநாள் காலை வயிறு முட்டத் தண்ணீர் குடித்தான். பிறகு மேலே கிடந்த ஒரு பெரிய கல்லை மூக்கால் நெம்பி உருட்டினான். கல் சரிந்து வந்து, குழிக்குள் விழுந்து, ஆப்பு அடித்தாற்போல இறுகிக்கொண்டது.

“கோரையரே! என்ன செய்கிறீர்கள்?” என்று சுள்ளி ஓடிவந்தாள்.

“கல் உருண்டது. நான் என்ன செய்ய?” என்றான் கோரையன். “உனக்குத் தாகமாக இருந்தால் வெள்ளைப்பாறை அதோ!”

மேலே வட்டமிட்ட இருவாச்சி அதைப் பார்த்துவிட்டது. “ஊற்றை அடைத்துவிட்டான்! ஊற்றை அடைத்துவிட்டான்!” என்று கத்தியது. கீழே ஒரே அமளி.

“இது அநியாயம்! அவனை இறக்குங்கள்!” என்று முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது.

யானை மேட்டை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, “அநியாயம்தான்,” என்றது. “ஆனால் நான் வைத்த விதியில் அது இல்லை. குற்றம் என்னுடையது. பாதியில் விதியை மாற்றினால் நாளைக்கு யாரும் என் பேச்சை நம்ப மாட்டார்கள். ஊற்று இருவருக்கும்தானே போயிற்று? சுள்ளி கூப்பிட்டால் அந்த நொடியே போய் அழைத்து வருகிறேன்.”

வெயில் ஏறியது. பாறை கொதித்தது. சுள்ளியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அத்திப்பழம் இரண்டு தின்றாள். விழுங்கவே முடியவில்லை.

அவள் கால்கள் தானாகவே வெள்ளைப்பாறைப் பக்கம் நடந்தன. ஒரு காலை அதன்மேல் வைத்துவிட்டாள். கீழே தெரிந்த கூட்டத்தில் அவள் கணவனும், சின்னக் குட்டியும் நின்றிருந்தார்கள்.

“வந்துவிடு, சுள்ளி!” என்று கணவன் கூப்பிட்டான். “ஜெயிக்க வேண்டாம்! உயிரோடு வந்தால் போதும்! நாம் வேறு காட்டுக்குப் போய்விடலாம்!”

“வேறு காட்டில் வேறு பன்றி இருக்காதா?” என்று கேட்டாள் சுள்ளி. குரல் பாதிதான் வந்தது. “அங்கேயும் சேறுதானே குடிப்போம்? குட்டியை நிழலில் வையுங்கள். நான் வர மாட்டேன்!”

வைத்த காலை எடுத்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். ‘கல்லை என்னால் நகர்த்த முடியாது. அதை நினைத்துப் பயனில்லை. ஆனால் ஊற்று இன்னும் ஊறிக்கொண்டுதானே இருக்கிறது? குழியில் தேங்க இடமில்லை. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் வேறு எங்காவது போக வேண்டுமே!’

அவள் பாறையோடு மூக்கை வைத்து மோந்துகொண்டே நடந்தாள். கல்லைச் சுற்றி மோந்தாள். சூடு. பாறையின் தெற்குப் பக்கம் போனாள். அங்கேயும் சூடுதான். கீழ்ப்பக்கம் இறங்கினாள். கால் வழுக்கி முட்டி தேய்ந்தது. எழுந்து மறுபடி மோந்தாள். வெயில் சாயும் நேரத்தில், ஒரு குறுகிய பிளவின் வாயில் அவள் மூக்கு நின்றது.

பாசி வாசம்!

பிளவு மிகவும் ஒடுக்கமானது. சுள்ளி உடம்பைச் சுருக்கிப் பக்கவாட்டில் நுழைந்தாள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி. பாறைச்சுவரில் பாசி ஈரமாக இருந்தது. நாக்கை வைத்தாள். ஒரு சொட்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு.

அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நக்கிக்கொண்டே இருந்தாள்.

அங்கே மேலே கோரையன் நிம்மதியாக இருந்தானா? அதுதான் இல்லை. சுள்ளி எந்த நொடி வெள்ளைப்பாறையில் ஏறுவாள் என்று பார்க்க வேண்டுமே! குகைக்குள் இருந்தால் வெள்ளைப்பாறை தெரியாது. ஆகவே நிழலை விட்டு வெளியே வந்து, உச்சிப் பாறையில் உட்கார்ந்துகொண்டான். நாள் முழுவதும் வெயில் அவன் முதுகில் அடித்தது. காலையில் குடித்த தண்ணீர் எப்போதோ போய்விட்டது.

‘எனக்கே இவ்வளவு தாகம் என்றால் அவள் செத்தே போயிருப்பாள்!’ என்று நினைத்துக்கொண்டான்.

பொழுது விடிந்தது. சுள்ளி பிளவிலிருந்து வெளியே வந்து, அத்திமரத்தடியில் நின்று பழம் தின்றாள்.

கோரையனுக்குக் கண் பிதுங்கியது. தடதடவென்று இறங்கி வந்தான். “எங்கே குடித்தாய்? சொல்!”

சுள்ளி பிளவைக் காட்டினாள். ஒளிக்கவில்லை. கோரையன் முகத்தை உள்ளே நுழைக்கப் பார்த்தான். மூக்கு நுழைந்தது. கோரைப்பல் இடித்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தும் நாக்கு பாசிவரை எட்டவில்லை.

“த்தூ!” என்றான் வெளியே வந்து. “இது தண்ணீரா? இந்த ஈரத்தை நக்கினால் உனக்கு எந்த மூலைக்கு?”

“எனக்கு இது போதும்,” என்றாள் சுள்ளி.

கோரையன் துள்ளிக் குதித்தான். “சொல்லிவிட்டாள்! ‘போதும்’ என்று சொல்லிவிட்டாள்! இருவாச்சியே, கேட்டாயா? நான் ஜெயித்துவிட்டேன்!”

இருவாச்சி சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு இறங்கியது. கீழே கருமந்திகள் கிளைகளை உலுக்கின.

“எங்கே நின்று சொன்னாள்?” என்று கேட்டது இருவாச்சி.

“இங்கேதான்!”

“வெள்ளைப்பாறையில் நின்றா?”

“அது... இல்லை. ஆனால் சொன்னாளே!”

“அப்படியானால் அது வெறும் பேச்சு, தோல்வி இல்லை,” என்று சொல்லிவிட்டு இருவாச்சி பறந்துவிட்டது.

கத்திய கத்தலில் கோரையனின் தொண்டை கிழிந்தது. இருந்த கொஞ்ச ஈரமும் போயிற்று. சுள்ளி அவனைப் பார்த்து, “கோரையரே, குகைக்குள் போய்ப் படுங்கள். வெயில் ஏறுகிறது,” என்றாள்.

“எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாயா!”

அவன் போகவில்லை. அவள் பிளவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அவன் பிளவின் வாசலிலேயே காவல் நின்றான். அவள் வெளியே வந்தால் பின்னாலேயே போனான். அவள் தின்ன வைத்திருந்த அத்திப்பழங்களை மிதித்து நசுக்கினான். அவள் வேறு பழம் பொறுக்கினாள். தின்றாலாவது அவன் நாக்கு நனைந்திருக்கும். நசுக்குவதிலேயே மும்முரமாக இருந்ததால் அந்த யோசனை அவனுக்கு வரவில்லை.

மதியம் ஆனது. பன்றிக்கு வெயில் ஆகாது. சேறு இல்லாமல் அதன் தோல் தாங்காது. கோரையனுக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் ஊற்றின் நினைவு வந்தது. தள்ளாடிக்கொண்டு போய்க் கல்லை முட்டினான். அசையவில்லை. பின்னால் போய், ஓடிவந்து முட்டினான். கல் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது. மூக்கில் இரத்தம் வந்தது. கல்லுக்கு அடியில் தண்ணீர் கசியும் சின்னச் சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அவன் அங்கேயே மண்டியிட்டான்.

சுள்ளி பிளவின் வாயிலிருந்து பார்த்தாள். அவளுக்கும் நிற்க முடியவில்லை. ஆனாலும் உரக்கச் சொன்னாள்: “கோரையரே! உங்கள் குட்டிகள் கீழே காத்திருக்கின்றன. உயிரை விட்டுவிடாதீர்கள்!”

கோரையன் அவளை ஒரு முறை பார்த்தான். தவழ்ந்து தவழ்ந்து வெள்ளைப்பாறைக்குப் போனான். அதன்மேல் ஏற இரண்டு முறை சறுக்கினான். மூன்றாவது முறை ஏறி நின்றான்.

“போதும்!”

காடு அப்படியே அமைதியானது. மந்திகள்கூடச் சத்தம் போடவில்லை. யானை விரைந்து மேலேறி வந்து, தும்பிக்கையில் கொண்டுவந்த தண்ணீரைக் கோரையனின் தலையில் பீச்சியது. பிறகு சுள்ளியின் பக்கம் திரும்பியது.

“இனி நீ வரலாம், அம்மா.”

சுள்ளி தானே நடந்து இறங்கினாள். யார் உதவியையும் கேட்கவில்லை. அடிவாரத்தில் அவள் கணவன் ஓடிவந்து அவள் தேய்ந்த முட்டியை நக்கினான். அப்போதுதான் மந்திகளின் ஆரவாரம் எழுந்தது. காடு அதிர்ந்தது.

அன்று மாலை ஆனைமடுவில் யாரும் இறங்கவில்லை. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. முதலில் சுள்ளியின் குடும்பம் போனது. அவளுடைய சின்னக் குட்டி குனிந்தது. உடனே திடுக்கிட்டுப் பின்வாங்கியது.

“அம்மா! உள்ளே யாரோ இருக்கிறார்கள்!”

“அது நீதான்,” என்றாள் சுள்ளி.

சேறு இல்லாமல் அசையாது நிற்கும் தண்ணீரை அந்தக் குட்டி அதுவரை பார்த்ததில்லை. தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தது. பிறகு குடித்தது.

சுள்ளியும் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். கோரையனின் கூட்டம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. குட்டிப்பன்றிகள் தாகத்தில் முனகின.

“குட்டிகளை அனுப்புங்கள்,” என்றாள் சுள்ளி. “ஆனால் எல்லோரும் கரையில் நின்று குடிக்க வேண்டும். புரளுவதற்கு மடுவின் கடைக்கோடியில் சேற்றுப் பள்ளம் இருக்கிறது. அங்கே போகலாம்.”

குட்டிகள் ஓடிவந்தன. கோரையன் கடைசியாக வந்தான். வீங்கிய மூக்கைத் தண்ணீரில் வைத்துக் குடித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“நான் ஊற்றை அடைத்தேன். உன் பழத்தை நசுக்கினேன். என்மேல் உனக்குக் கோபமே வரவில்லையா?”

“வந்தது,” என்றாள் சுள்ளி. “ஆனால் அதற்கு எனக்கு நேரம் இல்லை. நான் தண்ணீர் தேட வேண்டியிருந்தது.”

அடுத்தவரை விழவைப்பதிலேயே கண்ணாக இருப்பவர் தன் பலத்தையெல்லாம் அதிலேயே இழந்துவிடுவார். தான் செய்ய வேண்டியதை மன உறுதியோடு செய்துகொண்டே இருப்பவர்தான் கடைசிவரை நிற்பார்.