சருகெறும்பு சொல்லாத பதில்

அந்தக் காலத்தில் எறும்புகளுக்கும் பேச்சு உண்டு. யானையும் குரங்கும் பேசுகிற மாதிரி ஊரைக் கூட்டிப் பேசாது, மெதுவாகப் பேசும். கேட்க வேண்டுமென்றால் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுக்க வேண்டும். அப்படிப் படுத்துக் கேட்க யாருக்குப் பொழுது இருக்கிறது? அதனால் எறும்பு பேசும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்தது.

தெற்கு மலையில் உப்பேற்றம் என்று ஒரு கணவாய். கடற்கரையிலிருந்து உப்பு மூட்டை சுமந்து வருகிறவர்கள் அதில் ஏறி மேற்கே இறங்குவார்கள்; திரும்பும்போது மிளகோடு வருவார்கள். உச்சியில், மரங்கள் கூடி வெயிலைத் தரைக்கு விடாத இடத்தில், ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. மூன்று பானை, ஒரு குடிசை, சடைச்சி என்ற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான் பந்தல். புருஷன் செத்த பிறகு கீழே அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. உப்பு வியாபாரிகள்தான் அவளைக் கூட்டிவந்து அங்கே வைத்தார்கள்.

பானைச் சுத்தத்தில் அவளை மிஞ்ச முடியாது. காலையில் மூடியைத் திறந்ததும் செத்த பூச்சி ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பாள். கிடந்தால் விரல் நுனியை நனைத்து ஒற்றி எடுத்து, தூரமாகக் கொண்டுபோய் இலைமேல் வைத்துவிட்டு வந்த பிறகுதான் மற்ற வேலை. தண்ணீருக்குக் கூலி வாங்க மாட்டாள். ஆனால் ஊர்ச் செய்தி சொல்லாமல் ஒருவரும் நகர முடியாது. ஒரு செம்புத் தண்ணீருக்கு ஒரு கல்யாணமும் இரண்டு சண்டையுமாவது சொல்லியாக வேண்டும். பாவம், மூச்சு வாங்க ஏறி வந்தவன் குடிப்பதா, பேசுவதா? இரண்டையும் செய்வான். எல்லாருக்கும் அவள் மதினி.

ஒரு ஐப்பசி மழையில் மேற்குப் பக்கத்து மலை சரிந்து பாதையை அடித்துக்கொண்டு போனது. கடைசியாக வந்தவன் சங்கிலி என்கிற சுமைகாரன். அவன் மூட்டையைக் கூட இறக்கவில்லை.

“மேக்க பாதையே இல்ல மதினி. இனிமே எல்லாரும் தெக்குக் கணவாய் வழியாத்தான் போவாங்க. நீங்களும் எறங்கி வாங்க” என்றான்.

கீழே வந்து யார் வீட்டுக்குப் போவது என்று அவள் கேட்டாள். அவன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டான். தை மாதம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினான். தை வந்தது, சங்கிலி வரவில்லை.

அரிசி தீர்ந்தாலும் மலையில் கிழங்கு இருந்தது, தேன் இருந்தது. வயிற்றுக்குக் குறை இல்லை, பேச்சுத்தான் இல்லை. முதலில் தனக்குத்தானே பேசிப் பார்த்தாள். அடுத்த வார்த்தை என்ன வரும் என்று முன்பே தெரிந்துவிடுவதால் அது சலித்துப்போனது. பிறகு பாதையோரச் சருகில் காதை வைத்துப் படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். தூரத்தில் யாராவது நடந்து வந்தால் காலடி கேட்கும் அல்லவா? சிரிக்காதீர்கள். ஆள் வராத பாதையோரம் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் காதோரம் ஒரு குரல் கேட்டது.

“யாரத் தேடுதீங்க?”

ஆள் வருகிற சத்தம் கேட்கிறது என்றாள் சடைச்சி, ஆசையாக.

“ஆளு இல்ல. மரவட்டை ஒண்ணு வருது. அதுக்குக் காலு நெறைய, அதான் சத்தம்.”

இலையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். மக்கிய குச்சி ஒன்று கிடந்தது. அதன் பொந்து வாசலில், நீளத் தாடையோடு, பழுப்பாக ஓர் எறும்பு நின்றது. நொய்யரிசி அளவுதான் இருந்தது. அதற்குக் குருணை என்று அவளே பேர் வைத்தாள். இவை சருகெறும்புகள். அந்த மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது, அந்த மலையிலும் அபூர்வம். மற்ற எறும்புகளைப் போல ஆயிரம் பத்தாயிரம் என்று வாழாது; ஒரு குச்சிக்குள் ஒரு தாயும் நாற்பது மக்களும். ஈரச் சருகுக்குள் துள்ளித் திரியும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

அன்றிலிருந்து சடைச்சிக்குப் பொழுது போதவில்லை. எந்த இலைக்கடியில் காளான் முளைத்தது, எந்த நத்தை எந்த நத்தையோடு மனஸ்தாபம் என்று குருணை வந்து சொல்லும். அவள் பதிலுக்குத் தனக்குத் தெரிந்த பழைய கல்யாணங்களையெல்லாம் மறுபடி நடத்தி வைப்பாள். வழியில் போனவர்கள் கூப்பிட்டது போலவே எறும்புகளும் அவளை மதினி என்றன. இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. உப்பு வியாபாரிகள் வராததைக்கூட அவள் மறந்திருந்தாள்.

பங்குனி பிறந்ததும் சருகு காய்ந்தது. ஒருநாள் குருணை, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னது.

“நாளைக்கு நாங்க ஓடைப் பக்கம் போறோம் மதினி. இங்க திங்க ஒண்ணும் இல்ல.”

எந்த இடத்தில் இருப்பீர்கள் என்று சடைச்சி கேட்டாள். அது தங்களுக்கே தெரியாது என்றது குருணை. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு குச்சி. அது காய்ந்தால் வேறொரு குச்சி. சருகெறும்பு வரிசையாக நடக்காது, தடம் விடாது. அத்தனை பெரிய காட்டில், அத்தனை கோடி இலைகளில், எந்த இலைக்கடியில் என்று தேடுவது? சடைச்சி அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருணை அதைக் கவனிக்கவில்லை. மூட்டை கட்டுகிற வேலை அதற்கு.

மறுநாள் உச்சிவேளையில், எல்லா எறும்பும் வெக்கைக்கு ஒதுங்கிக் குச்சிக்குள் இருந்த நேரம் பார்த்து, அவள் குச்சியை அப்படியே தூக்கினாள். மூன்றாவது பானைக்குள் இறக்கினாள். மூடி போட்டு, துணியால் வாயைக் கட்டினாள். அதைச் செய்தபோது அவள் அழுதாள். ஆனாலும் செய்தாள்.

“ஒருத்தராவது இந்தப் பாதையில வார வரைக்கும் இருங்க. அது போதும்” என்றாள்.

யாருமே வராவிட்டால் என்று பானைக்குள்ளிருந்து குருணை கேட்டது. அவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

குறை சொல்லக்கூடாது, அவள் அவற்றை நன்றாகத்தான் கவனித்தாள். அங்கேதான் வந்தது வினை. தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவளுக்கு எறும்பைப் பார்த்துக்கொள்ள எங்கே தெரியும்? தினமும் ஈர இலையை எடுத்துவிட்டு, கழுவி உலர்த்திய சுத்தமான இலை போட்டாள். அவள் வீசியெறிந்த அந்த அழுகல் இலையில்தான் அவற்றின் சாப்பாடு துள்ளிக்கொண்டிருந்தது. தேன் வைத்தாள், அவித்த கிழங்கைப் பொடித்துத் தூவினாள். எறும்புகள் மரியாதைக்கு நக்கிப் பார்த்துவிட்டு விலகி நின்றன. குருணை மட்டும் வழக்கம்போல அவளோடு பேசியது. சொல்ல நத்தைச் செய்தி எதுவும் இல்லாததால் பழையதையே சொன்னது.

மூன்றாம் நாள் ஓர் எறும்பு செத்தது, பசியால். காலையில் மூடியைத் திறந்த சடைச்சி அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். விரல் நுனியை நனைத்து ஒற்றி எடுத்தாள். வெளியே கொண்டுபோய் ஓர் இலைமேல் கிடத்தி, இன்னோர் இலையால் மூடி, சொந்தக்காரி போனதற்கு அழுவதுபோல் உட்கார்ந்து அழுதாள். திரும்பி வந்ததும், செத்தவளை எங்கே வைத்தீர்கள் என்று குருணை கேட்டது.

“வெளிய, சருகுக்குள்ளதான் வச்சிட்டு வந்தேன். பானைக்குள்ள செத்தத வச்சிருப்பனா?”

அன்று முழுக்கக் குச்சிக்குள் ஒரே குசுகுசுப்பு. உயிரோடு இருப்பவர்களுக்குத் திறக்காத மூடி செத்தவளுக்குத் திறக்கிறது என்று எறும்புகளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஐந்து எறும்புகள் காலை மடக்கி, தாடையைச் சுருட்டி, பானையின் அடியில் கிடந்தன. சடைச்சி ஒற்றி எடுத்துக்கொண்டு போய் அழுதாள். அவள் போன பிறகு ஐந்தும் எழுந்து நடந்தன. அதற்கடுத்த நாள் ஏழு. பிறகு தாய் எறும்பும் ஆறு மக்களும். அப்புறமும் தினம் சில. பிணம்போல் கிடப்பது சும்மா இல்லை. கண்ணீர்த் துளி ஒன்று மேலே விழுந்து ஓர் எறும்பு அதில் முழுகியே போனது. அப்படியும் ஒரு கால் அசைக்கவில்லை. குருணை மட்டும் கடைசி வரை உள்ளே இருப்பது என்று முடிவாகியிருந்தது. குருணை பேசிக்கொண்டிருக்கும் வரைதான் மதினிக்குச் சந்தேகம் வராது.

குருணை பேசியது நடிப்பு மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. அவள் அழுவதைக் கேட்கக் கேட்க அதற்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சடைச்சியோ இளைத்துப் போனாள். தன் கையால்தான் சாகின்றன என்று அவளுக்குத் தெரியும். நாளைக்குத் திறந்துவிடுகிறேன் என்று தினமும் சொல்லிக்கொள்வாள். திறந்தால் இருப்பவையும் போய்விடும். அப்புறம் மறுபடி காதைத் தரையில் வைத்து மரவட்டையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் முடிச்சை இன்னொரு தரம் இறுக்குவாள். தனிமை நல்லவர்களையும் அப்படிச் செய்ய வைக்கும்.

ஒன்பதாம் நாள் காலையில் குருணையைத் தவிர மீதி நான்கும் கிடந்தன. அவள் மூடியைத் திறந்தபடியே போட்டுவிட்டு, நான்கையும் கொண்டுபோய்க் கிடத்தி, அழுது முடித்துத் திரும்பினாள். பத்தடி நடந்ததும், மேலே இலை மூடாமல் வந்தது நினைவுக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். நான்கு எறும்புகளும் எழுந்து நின்று மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தன. வேர் ஓரத்திலிருந்து இன்னும் இரண்டு வந்து அவற்றைக் கூட்டிக்கொண்டு போயின.

அவளுக்கு முதலில் சந்தோஷம் வந்தது, சாகவில்லையே என்று. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. அவமானம் அதற்கப்புறம் வந்தது, அது மட்டும் போகவில்லை. உயிராய்ப் பழகியவை, தன்னிடமிருந்து தப்பிக்கப் பிணமாகக் கிடந்திருக்கின்றன.

அவள் பானையருகே வந்தாள். உள்ளே, பானையின் வழவழப்பில் ஏற முடியாத குருணை காலை மடக்கி, தாடையைச் சுருட்டிக் கிடந்தது. இனி அதற்கும் வேலை முடிந்தது. சடைச்சி மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். குருணைக்கு மூடி கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. அவள் பானை வாயில் கன்னத்தை வைத்தாள்.

“எல்லாத்தையும் பாத்துட்டேன். நீ உசுரோட இருக்கியான்னு கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் கெட்டவளா?”

குருணைக்குப் பதில் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ஒரு சொல் சொன்னால் அது உயிரோடு இருப்பது உறுதியாகிவிடும். அந்தக் குரல் இன்னும் ஒருநாள் வேண்டுமென்று மூடி விழுந்துவிட்டால்? மதினி அப்படிச் செய்வாளா, மாட்டாளா, அதற்குத் தெரியவில்லை. ஒருமுறை செய்தவள்தானே. குருணை அசையாமல் கிடந்தது.

வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு விரல் நுனியை நனைத்து, மற்றவற்றை எடுத்ததுபோலவே ஒற்றி எடுத்தாள். கொண்டுபோய் ஈரமான இடமாகப் பார்த்துக் கிடத்தினாள். இலை போட்டு மூடினாள். கூடப் பிறந்தவளே, பேச்சுத் துணையே என்று வாய்விட்டு, ஒப்பாரி முறை ஒன்றும் குறையாமல் அழுதாள். உயிரோடு இருப்பது தெரிந்துகொண்டே, செத்தவளுக்கு அழுகிற அழுகை முழுவதையும் அழுதாள். அழுது முடித்துத் திரும்பி நடந்தாள். இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடை ஓரத்தில் எறும்புகள் நன்றாக இருந்தன. குருணை மட்டும் யாரிடமும் பேசவில்லை. முதலில் மதினிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வேறு பேச்சு என்றிருந்தது. ஆனி மழை விழுந்து சருகு நனைந்ததும், ஓர் இலை விடாமல் நடந்து உச்சிக்கு வந்தது. மூன்று பானையும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. குடிசையில் யாரும் இல்லை. அவள் கீழே இறங்கினாளா, காட்டுக்குள் போனாளா என்று சொல்ல அந்த மலையில் ஒரு வாய்கூட இல்லை. குருணை பானைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு தன் கூட்டத்தாருக்கும், பின்னால் பிறந்தவர்களுக்கும், அந்தப் பதிலை வாயில் வைத்துக்கொடுத்துவிட்டுச் செத்தது.

அன்று முதல்தான், மனிதர் கை பட்டால் சருகெறும்பு காலை மடக்கிப் பிணமாகக் கிடக்கிறது. எவ்வளவு அருமையாகப் பெட்டியில் வைத்து வளர்த்தாலும் தங்குவதில்லை. அன்று முதல்தான் அது பேசுவதும் இல்லை. பேச முடியாமல் அல்ல. ‘நீங்க கெட்டவங்க இல்ல மதினி’ என்ற ஒரு வார்த்தை இன்னும் சொல்லாமல் அதன் வாயில் இருக்கிறது, கேட்க வேண்டியவள்தான் இல்லை.