தொட்டிக்குப் போன சோறு

எங்கள் ஹாஸ்டலில் மிச்சச் சோற்றையும் காய்த்தோலையும் போட்டால் கேஸ் வரும் தொட்டி ஒன்று இருந்தது. கேஸ்தான் வராது. சோற்று வாளி தினமும் வார்டன் கோமதிநாயகம் வீட்டு எருமைக்குப் போய்விடும். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒருநாள் வார்டன் சமையல்காரி பேச்சியம்மாவிடம் வந்தார். "நாளைக்குப் பெரிய அதிகாரி வாராங்க. தொட்டி கேஸ்லதான் அடுப்பு எரியணும். எரியலைன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"தொட்டி காலியால்லா கெடக்கு, சார்?"

"அது உன் பாடு."

"சரி சார்."

மறுநாள் அந்த அதிகாரியம்மா வந்து பார்த்தால், அடுப்புப் பக்கத்தில் ஓர் எருமை கட்டிக் கிடக்கிறது.

"என்னம்மா இது?"

"சோறெல்லாம் இதுக்குள்ளதாம்மா போகுது. அப்ப கேஸும் இதுலருந்துதான வரணும்? குழாயை எங்க சொருகணும்னு சார்கிட்டதான் கேக்கணும்."

"யாரு மாடு இது? வெளிய பத்திட்டுப் போ!" என்று வார்டன் கத்தினார்.

அவர் குரல் கேட்டதும் எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அவர் சட்டையை நக்கியது.

அதிகாரி சிரிக்கவில்லை. "இனிமே வாளிய நீங்களே தொட்டியில கொட்டுங்கம்மா" என்று பேச்சியம்மாவிடம் சொன்னார்.

ஒரு மாதத்தில் அடுப்பு நீலமாக எரிந்தது. எருமைதான் பாவம், இளைத்துவிட்டது.