பார்த்தால் நிற்கும் சூடு

கெட்டிக்காரர்களே, முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். இதில் ஒரு பச்சைக் குழந்தையின் உயிர் இருக்கிறது.

கோவையில், குறை எடையில் பிறந்த குழந்தைகளை வெதுவெதுப்பாக வைக்கும் சூடேற்றி மெஷின்கள் செய்கிற கம்பெனி ஒன்று. அதன் புரோகிராமை ஆறு வருஷத்துக்கு முன் எழுதியவள் அங்கயற்கண்ணி. அதில் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகள் ஓடும். ஒன்று குழந்தையின் சூட்டை அளந்து, இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில் ‘போதும்’ என்று எழுதும். மற்றது, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்றாக, சூடேற்றிக்கொண்டே அந்த இடத்தை எட்டிப் பார்க்கும். ‘போதும்’ என்றிருந்தால் நிறுத்தும். ‘இது பொது இடம், ஜாக்கிரதை’ என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருந்தாள். அந்தக் குறிப்பை மனிதர்கள்தான் படிப்பார்கள். நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றித் தரும் கம்பைலர் அதைத் தாண்டிப் போய்விடும்.

ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லை. இந்த மாதம் மெஷினுக்குப் புது சிப் வந்தது; பழைய கம்பைலர் அதற்கு ஒத்துவரவில்லை. கூட வேலை செய்யும் ஜெபராஜ் புரோகிராமைப் புது கம்பைலருக்கு மாற்றினான். சோதனைப் பிரிவு மும்தாஜ் நூறு தடவை சோதித்தாள். நடப்பது கண்ணுக்குத் தெரியட்டும் என்று, சோதிக்கும்போது திரையில் எழுதிக் காட்டும் வரி ஒன்றைச் சூடேற்றும் சுற்றுக்குள் சேர்ப்பது அங்கே வழக்கம். நூறு தடவையும் சூடு நின்றது. வரியை எடுத்துவிட்டு அனுப்பினார்கள்.

இன்று காலை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "சூடு நிக்கவே மாட்டேங்குதுங்க! குழந்தைக்கு முதுகெல்லாம் செவந்துருச்சு. அணைச்சா சில்லிட்டுப் போகுது. வேற மெஷினும் இல்லீங்க. தொட்டுத் தொட்டுப் பாத்து சுவிட்சு போட்டுட்டிருக்கேன், எத்தனை நேரம் முடியும்?" நர்ஸ் அழுதேவிட்டாள்.

அங்கயற்கண்ணி அதே புரோகிராமைத் தன் மேஜையில் ஓட்டிப் பார்த்தாள். காட்டும் வரியைச் சேர்த்தால் சூடு சமர்த்தாக நிற்கிறது. எடுத்தால் நிற்பதில்லை. அடக் கடவுளே, இதென்ன பேயா பிசாசா!

கம்பைலர் மாற்றித் தந்ததையே திறந்து பார்த்தாள். பழையது ஒவ்வொரு சுற்றிலும் பொது இடத்தைப் போய்ப் பார்த்தது. புதியது, ‘இந்தச் சுற்றுக்குள் இதை யாரும் மாற்றவில்லையே’ என்று ஒரே தடவை பார்த்துவிட்டு அதையே நம்பிக்கொண்டிருந்தது. காட்டும் வரி இருந்தால், திரையில் எழுத வேலை சுற்றுக்கு வெளியே போய்த் திரும்புகிறது. போன இடத்தில் யாராவது மாற்றியிருக்கலாம் என்று மறுபடி பார்க்கிறது.

மேனேஜர் கத்தினார்: "யார் மேல தப்பு?"

"நான் கம்பைலரைத்தான் மாத்தினேன். அக்கா எழுதினதுல ஒரு எழுத்தைத் தொடலை சார்," என்றான் ஜெபராஜ்.

"என் கண்ணு முன்னால நூறு தடவையும் நின்னுச்சு சார்," என்றாள் மும்தாஜ்.

‘ஆறு வருஷம் ஓடியதே’ என்று அங்கயற்கண்ணிக்கும் நாக்கு நுனிவரை வந்தது.

சொல்லுங்கள்: எழுதியவள், மாற்றியவன், சோதித்தவள், புது கம்பைலர். குழந்தையின் முதுகு சிவந்தது யாரால்?

விடை: எழுதியவளால். இரண்டு வேலைகள் பங்குபோடும் இடத்தை ‘பொது’ என்று கம்பைலருக்கே தெரிகிறபடி அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவிக்காவிட்டால் ஒரு தடவை பார்ப்பதும் ஓயாமல் பார்ப்பதும் அதன் இஷ்டம். இரண்டு கம்பைலர்களும் விதியை மீறவில்லை. மும்தாஜ் சோதித்தது ஒன்று, அனுப்பியது வேறொன்று. அதுவும் தப்புதான், ஆனால் அது தப்பைக் காணத் தவறியது, தப்பைப் பெற்றெடுத்ததல்ல. அங்கயற்கண்ணி அறிவிப்பாக ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். காட்டும் வரி இல்லாமலே சூடு நின்றது. இணையம் வழியே ஆஸ்பத்திரி மெஷினுக்கு அனுப்பினாள். "நின்னுருச்சுங்க!" என்று நர்ஸின் குரல் கேட்ட பிறகுதான், "என் பேரையே எழுதிக்குங்க சார்," என்றாள். ஆறு வருஷமாக எத்தனை குழந்தைகள் அந்த ஒரு சொல் இல்லாமலே, பழைய கம்பைலரின் தயவில் தூங்கி எழுந்திருக்கும் என்று நினைத்தவள், தான் எழுதிய மற்ற புரோகிராம்களையும் ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள்.