முன்னுரையில் ஒரு வரி

இயற்பியல் ஹானர்ஸில் சேர வருகிறவர்களுக்குப் பேராசிரியர் திருவேங்கடம் வைப்பது ஒரே சோதனைதான். தான் எழுதிய பாடநூலை மேசையில் போட்டு, "இதுல ஒரு பிழை காட்டு, சீட் தர்றேன்" என்பார். காட்டியவர்களையெல்லாம் வாதாடியே மடக்கி வெளியே அனுப்பியிருக்கிறார். கூட உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் வாயைத் திறப்பதில்லை.

செண்பகவல்லியின் முறை வந்தது. ஹானர்ஸ் கிடைத்தால்தான் விடுதியில் இடம். விடுதி இல்லையென்றால் அவளுடைய மலையூரிலிருந்து தினமும் வந்து படிக்க முடியாது.

"இந்தப் புத்தகத்துல பிழையே கிடையாதுங்களா சார்?"

"ஒண்ணுகூடக் கிடையாது."

அவள் முன்னுரையைப் பிரித்து நிதானமாக வாசித்தாள். "'இந்நூலில் பிழைகள் பல உண்டு. அறிஞர்கள் பொறுத்தருள்க.' பிழையே இல்லைன்னா, இந்த வரி பிழைதானே சார்?"

அவையடக்கத்துக்காக எழுதி வைத்த அந்த வரியைத் திருவேங்கடம் புத்தகத்தை வாங்கி ஒருமுறை வாசித்தார். பிறகு சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த பதிப்புல அந்த வரியை எடுத்துடறேன்."

"அது இருக்கட்டும் சார்," என்றாள் செண்பகவல்லி. "மத்த பிழைகளை, சேர்ந்தப்புறம் காட்டலாம்னு வச்சிருக்கேன்."