ஜாடிக்குக் கொசுறு இல்லை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த நாட்களில், ஒரு ராஜாவுக்குச் சிக்கனப் பைத்தியம் பிடித்தது. அதற்குத் தூபம் போட்டவர் அரண்மனைச் சாமான் அறையின் அதிகாரி அனந்தராயர்.

"மகாராஜா, நல்லெண்ணெய் நாழி ஒரு பணம். நூறு நாழிக்கு நூறு பணம் அழுகிறோம். என் மைத்துனர் கடையில் நூறு நாழி பிடிக்கும் ஜாடி நிறைய எண்ணெய் தொண்ணூற்றைந்து பணம்தான். இத்தனை காலம் நம்மை ஏய்த்தவன் செக்கு வைரவன். நம் விகடகவியின் அண்ணன். திருட்டுக் குடும்பம்."

சபை முழுவதும் விகடகவி தாண்டவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் தொப்பையையோ கோணல் தலைப்பாகையையோ யார் கேலி செய்தாலும் அவனே முதலில் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. நாலு தலைமுறையாக அந்தச் செக்கு எண்ணெயில் ஒரு சொட்டுக் குறைந்ததென்று ஊரில் ஒரு வாய் சொன்னதில்லை. அவன் காது மடல்வரை சூடேறியது.

"ராயரே, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்."

"கணக்கைச் சொன்னேன். வலிக்கிறதோ?"

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தாண்டவா, உன் அண்ணனின் நூறு, ராயரின் தொண்ணூற்றைந்தைவிட மலிவு என்று நாளைக் காலை காட்டு. முடியாவிட்டால் அந்தச் செக்கைப் பிடுங்கி எறியச் சொல்வேன்."

"உத்தரவு, மகாராஜா. ராயர் அந்த ஜாடியில் ஒன்றைக் காலியாகக் கொடுத்தால் போதும்."

மறுநாள் வைரவன் எண்ணெய்க் குடங்களோடு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, நான் என்ன செய்யணும்?"

"தினம் அளக்கிற மாதிரியே அளங்க அண்ணே. நூறு ஆகிற வரைக்கும் நிறுத்தாதீங்க."

வைரவன் ஒரு நாழியை ஜாடியில் கவிழ்த்து, "ஒண்ணு" என்றான். கூடவே ஒரு கரண்டி எண்ணெய் விட்டான். "ரெண்டு." மறுபடி ஒரு கரண்டி.

"அது என்ன கரண்டி?" என்றார் ராஜா.

"கொசுறுங்க மகாராஜா. எங்க பாட்டன் காலத்திலேருந்து நாழிக்கு ஒரு கரண்டி. அது விடாம நாங்க யாருக்கும் அளந்ததில்லீங்க."

ராயர் மெல்ல நெளிந்தார்.

எட்டுக் கரண்டி சேர்ந்தால் ஒரு நாழி. எண்பத்தொன்பதாவது நாழியில் ஜாடி விளிம்பு தட்டியது. வைரவன் தொண்ணூறாவதையும் ஊற்றினான். எண்ணெய் வழிந்து ராயரின் பட்டு வேட்டியை நனைத்தது.

"நிறுத்தப்பா" என்று பின்வாங்கினார் ராயர்.

"நூறுன்னு உத்தரவுங்களே" என்று அடுத்த நாழியை எடுத்தான் வைரவன்.

தாண்டவன் முன்னே வந்தான். "மகாராஜா, தொண்ணூற்றைந்து பண ஜாடி எண்பத்தொன்பது பணத்தில் நிரம்பிவிட்டது. என் அண்ணனின் நூற்றில் பதினொன்று மிச்சம். நாழிக்கு நாழி கொசுறு உண்டு. ஜாடிக்கு ஏது?"

ராஜாவின் புருவம் உயர்ந்தது. "இத்தனை வருடக் கொசுறு என் கண்ணில் படவே இல்லையே?"

வைரவன் வெகுளியாகச் சொன்னான். "அதைத் தனிக் குடத்துல வாங்கி ராயர் வீட்டுக்கு அனுப்புவாங்க. அரண்மனை வழக்கம் அதுதான்னு இருந்தேனுங்க."

கிரீடம் ஆடும்படி சிரித்தார் ராஜா. "ராயரே, சாவியை வைத்துவிட்டுப் போம். தாண்டவா, ஒரு மூட்டை பொன் உனக்கு."

சகோதரர் இருவருக்கும் பொதுவாக ராயர் ஒரு கும்பிடு போட்டார். தாண்டவன் முகம் இளகவில்லை.

"பொன் இருக்கட்டும், மகாராஜா. ராயர் மொத்தமாக ஒரு கும்பிடு கொடுக்கிறார். எங்கள் குடும்பத்தில் மொத்தக் கொள்முதல் கிடையாது. நாங்கள் பதினேழு பேர். எங்கள் வாசலுக்கு வந்து, தெரு கேட்க, ஆளுக்கொரு மன்னிப்பு, ஆளுக்கொரு கும்பிடு."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொசுறு?"

"செக்கு மாட்டுக்கு."

அன்று மாலை ராஜாவே வந்து நின்று எண்ணினார். பதினெட்டாவது கும்பிடு விழுந்தபோது மாடு வைக்கோலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ராஜா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் தாண்டவன் பொன் மூட்டையைத் தொட்டான்.