சூடத்துக்கு முன்னால் வக்கீல்

கறுப்பு அங்கியைக் கழற்றியவன் கைகூப்பி வந்தால், கூப்பிய கைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கல்குவாரி முதலாளிக்காகப் பல வருடம் வாதாடிய வக்கீல் சபாநடேசன் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். அந்தக் குவாரி வெடியில் வீட்டுச் சுவரெல்லாம் பிளந்துபோன செம்பாறைப்பட்டிக்கே ஓட்டுக் கேட்டு வந்தார்.

“ஜெயிச்சா குவாரியை மூடுவேன்” என்றார். ஒருவரும் கைதட்டவில்லை. உடனே கூட வந்த கட்சித் தொண்டனிடம் தாம்பாளத்தில் சூடம் கொளுத்தச் சொன்னார்.

“ஓட்டு எனக்குத்தான்னு வீட்டுக்கு ஒருத்தர் சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணாத வீட்டுக்குப் பட்டா கிடைக்காது.”

சூடத்தில் அடித்தவர்கள் அந்த ஊரில் வாக்கு மாற மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஆடு மேய்க்கும் சடச்சி எழுந்தாள்.

“அடிக்கிறேன் வக்கீலய்யா. முதலாளி கேஸ் இன்னும் கோர்ட்டுல நடக்குதே, அவருக்கு வக்கீல் யாரு?”

“நான்தான். அது தொழில்மா.”

“எங்க சுவர்ல கீறலே இல்லைன்னு அங்க சொல்றீக. குவாரியை மூடுறேன்னு இங்க சொல்றீக. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீலா? அந்த வக்காலத்தை இன்னிக்கே விட்டுர்றேன்னு நீங்க முதல்ல அடிங்க. அடுத்து நான் அடிக்கிறேன்.”

வக்கீலின் கை சூடம்வரை போய் நின்றது.

“அதெப்படிம்மா... முதலாளியை ஒரு வார்த்தை கேட்காம...”

“அப்ப ஓட்டுக் கேக்க அவரையே வரச் சொல்லுங்க. நீங்க எதுக்குய்யா வெயில்ல நிக்கிறீக?”

ஊர் சிரித்த சிரிப்பில், சூடம் கொளுத்திய தொண்டனே அதை ஊதி அணைத்தான்.